லாட்ஜ் வேலைக்கு புதுசா கொடைக்கானல் வர்றவங்களுக்கு: ‘புட் அப்’ எங்க சொல்லணும், ‘புட் அப் வித்’ எங்க சொல்லக் கூடாது

ரிசர்வேஷன், அக்காமடேஷன், காம்ப்ளிமென்ட்ரி பிரேக்ஃபாஸ்ட் மாதிரி நீளமான வார்த்தைக்கெல்லாம் யாரும் பயப்பட வேண்டியதில்லைங்க, ரெண்டு நாள் ரிசப்ஷன்ல நின்னா தானா வாய்க்கு வந்துரும், ஏன்னா அதுக்கெல்லாம் ஒரே அர்த்தம் தான். ஆளத் தடுக்கி விடுறது புட், அப், வித்னு இருக்குற குட்டி வார்த்தைங்க. பல வருஷமா இங்க மலை மேல லாட்ஜ் வேலை பாக்குறேன், சீசனுக்கு சீசன் புதுப் பசங்க வர்றாங்க, முக்காவாசிப் பேர் சறுக்குறது இதே இடத்துல தான், அதனால இத மட்டும் உக்காந்து நிதானமா எழுதிரலாம்னு தோணுச்சு.

எழுத வச்சது ஒரு ராத்திரி. மே மாசம், சனிக்கிழமை, மணி பத்து இருக்கும், மேகம் எறங்கி எதுத்தாப்ல நிக்கிற வண்டி கூட தெரியல. இங்கிலாந்துல இருந்து வந்த வயசான புருஷன் பொண்டாட்டி, வேற ஒரு எடத்துல போட்டு வச்சிருந்த ரூம் இல்லைன்னு ஆயிருச்சு, டாக்ஸிக்காரர் பெட்டிய எறக்கி வச்சுட்டுப் போயிட்டாரு, அந்தம்மா குளிர்ல கைய தேச்சுக்கிட்டே வந்து கவுன்டர்ல நின்னாங்க. நம்ம பக்கம் நின்னது பூம்பாறைல இருந்து வந்த ஒரு தம்பி, வேலைக்கு சேந்து பத்து நாள் கூட ஆகல, ஆனா மனசு ரொம்ப நல்ல மனசு. அவங்க நிக்கிற நெலமையப் பாத்துட்டு, கவலைப்படாதீங்க, நாங்க தங்க வைக்கிறோம்னு சொல்ல வந்தவன், “டோன்ட் வொரி மேடம், வீ வில் புட் அப் வித் யூ”ன்னு சொல்லிட்டான். அந்தம்மா புருஷனத் திரும்பிப் பாத்தாங்க. அவர் பெட்டியப் பாத்தாரு. நான் உள்ள சாவி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஒரு அமைதி.

தம்பி சொன்னதுக்கு தமிழ்ல அர்த்தம் என்னன்னா, கவலைப்படாதீங்கம்மா, உங்கள எப்படியாவது சகிச்சுக்கிறோம்னு. சொல்ல வேண்டியது “வீ வில் புட் யூ அப்”. அவ்ளோ தான் வித்தியாசம், ஒரு வித் கூடிப் போச்சு, யூ எடம் மாறிப் போச்சு. அந்தம்மா புரிஞ்சுக்கிட்டாங்க, சிரிச்சு அவன் கையத் தட்டிக் குடுத்துட்டு தான் மேல போனாங்க, ஆனா அவன் அன்னைக்கு ராத்திரி சாப்பிடல, “அண்ணே, நான் என்னண்ணே தப்பா சொன்னேன்”னு கேட்டுக்கிட்டே இருந்தான். அவனுக்கு சொன்னத தான் இப்ப உங்களுக்கும் சொல்றேன்.

மொத வேலை, புட்னா வை, அப்னா மேலன்னு தனித்தனியா பிரிச்சு அர்த்தம் பாக்குறத விட்ருங்க. இது இங்கிலீஷ்ல மட்டும் இருக்குற கூத்து இல்ல, நம்ம கிட்டயும் நெறைய இருக்கு. “மேனேஜர்கிட்ட என்னப் போட்டுக் குடுத்துட்டான்”னு சொல்றோம், அதுல யாரும் எதையும் போடல, யாருக்கும் எதையும் குடுக்கல. “கூட்டாளியக் கழட்டி விட்டுட்டான்”, “வச்சு செஞ்சுட்டாங்க”, இதெல்லாம் வார்த்தை வார்த்தையா எடுத்தா ஒண்ணும் கெடைக்காது, தமிழ் கத்துக்கிற வெள்ளக்காரர் ஒருத்தர் போடு, குடுன்னு டிக்‌ஷனரி பாத்தாருன்னா நம்ம தம்பி மாதிரியே தான் முழிப்பாரு. ரெண்டு சொல்லு சேந்து மூணாவதா ஒரு அர்த்தம் பொறக்குது, அந்த சேர்க்கைய அப்படியே முழுசா காதுல வாங்கணும். இங்கிலீஷ்ல இதுக்கு ஃப்ரேசல் வெர்ப்னு பேர், பேரு முக்கியமில்ல, முழுசா வாங்குறது தான் முக்கியம்.

அடுத்தது, நம்ம தொழிலுக்கு தெனமும் தேவைப்படுற அர்த்தம். புட் ஒருத்தர் அப்னா அவரத் தங்க வைக்கிறது, ராத்திரிக்கு எடம் குடுக்குறது. “மை அங்கிள் புட் மீ அப் ஃபார் எ வீக்”னா மாமா வீட்டுல ஒரு வாரம் தங்க வச்சாரு. “த கம்பெனி புட் அஸ் அப் இன் எ ஹோட்டல்”னா கம்பெனி செலவுல ஹோட்டல்ல தங்க வச்சாங்க. ராத்திரி நேரத்துல ரூம் தேடி வர்றவங்க “குட் யூ புட் அஸ் அப் ஃபார் த நைட்?”னு கேப்பாங்க, இன்னைக்கு ஒரு ராத்திரிக்கு எடம் கெடைக்குமான்னு அர்த்தம். இங்க ஒரு விஷயம் கவனமா இருங்க. இந்த வார்த்தைக்கு அடியில சொந்தக்காரர் வீடு, சிநேகிதர் வீடு, காசு இல்லாமத் தங்குறதுங்கிற வாசனை கொஞ்சம் உண்டு. அதனால ஹோம்ஸ்டேல இருந்துக்கிட்டு “வீ கேன் புட் யூ அப்”னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திறாதீங்க, அதே மூச்சுல ஒரு நைட்டுக்கு இவ்ளோ ரூபான்னு சொல்லிருங்க, காலைல பில் குடுக்கும்போது ரெண்டு பக்கமும் மொகம் சுருங்காது.

இப்ப யூ எங்க நிக்கணும்னு பாப்போம், தம்பி மாட்டுனது இங்க தான். தங்க வைக்கிற அர்த்தத்துல யூ, அஸ், தெம்னு வந்தா நடுவுல தான் உக்காரணும், மை பிரதர் மாதிரி வந்தாலும் பெரும்பாலும் நடுவுல தான் உக்காரும். புட் யூ அப், புட் அஸ் அப், புட் தெம் அப், புட் மை பிரதர் அப். பொருளுக்கு வந்தா ரெண்டு விதமாவும் சொல்லலாம், “புட் அப் த டென்ட்”, “புட் த டென்ட் அப்”, ரெண்டும் சரி. ஆனா டென்ட்டுக்கு பதிலா இட்னு சொல்லிட்டீங்கன்னா அது நடுவுல மட்டும் தான் நிக்கும், “புட் இட் அப்”. “புட் அப் இட்”னு வராது. எனக்கு இத ஞாபகம் வச்சுக்க சுலபமா பட்ட வழி, இட், தெம், யூ, மீ மாதிரி சின்ன ஆளுங்கள நடுவுல வச்சு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும், ரோட்டுல சின்னப் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போற மாதிரி, ஒரு பக்கம் புட், ஒரு பக்கம் அப்.

புட் அப் வித்துக்கு இந்தக் கதையே கெடையாது. மூணும் ஒட்டிக்கிட்டே வரும், சகிச்சுக்க வேண்டிய விஷயம் அதுக்குப் பின்னாடி தான் வரணும். “புட் அப் வித் த கோல்ட்”, “புட் அப் வித் இட்”. நடுவுல எதையும் சொருக முடியாது. வாக்கியத்த வித் மாதிரி வார்த்தைல முடிக்கக் கூடாதுன்னு கறாரா இருந்த பழைய இலக்கண விதிய கேலி பண்ணி, “அப் வித் விச் ஐ வில் நாட் புட்”னு சர்ச்சில் எழுதுனதா ஒரு கதை உலகம் பூரா ஓடுது, அவர் தான் சொன்னாருன்னு உறுதியான ஆதாரம் இல்லாத கதை, இருந்தாலும் அந்த வாக்கியத்த ஒரு தடவை வாய் விட்டு சொல்லிப் பாருங்க, மூணையும் பிரிச்சுப் போட்டா எப்படி நொண்டுதுன்னு காதுக்கே தெரியும்.

புட் அப் வித்துக்கு தமிழ்ல பொறுத்துக்கிறதுன்னு பல பேர் எழுதி வச்சுக்குவாங்க, அது பாதி தான் சரி. பொறுமைங்கிறது நல்ல குணம், இது அந்த மாதிரி இல்ல, பிடிக்கல, வேற வழியும் இல்ல, அதனால சகிச்சுக்கிறேன்னு சொல்றது. அதனால கெஸ்ட்டப் பத்தி, கூட வேலை பாக்குறவங்களப் பத்தி அவங்க காது கேக்க இத சொல்லவே கூடாது. குளிர், மழை, கரன்ட் போறது, சத்தம், கொரங்கு, இதுக்கெல்லாம் தாராளமா சொல்லலாம். கொடைக்கானல் கிட்டத்தட்ட 7000 அடி உயரம், டிசம்பர் ஜனவரில கீழ மதுரை, திண்டுக்கல்ல இருந்து வர்றவங்களுக்கே பல்லு கிட்டும், சென்னைக்காரங்களுக்கு சொல்லவே வேணாம். “யூ வில் ஹேவ் டு புட் அப் வித் த கோல்ட் டில் த ஹீட்டர் கம்ஸ், சார்”னா ஹீட்டர் வர்ற வரைக்கும் குளிரக் கொஞ்சம் தாங்கிக்கங்க சார்னு, சரியான எடத்துல சரியான வார்த்தை. கரன்ட் போயி வந்ததும் “தேங்க் யூ ஃபார் புட்டிங் அப் வித் த பவர் கட்”னு சொல்லிப் பாருங்க, சிரமத்தப் பொறுத்துக்கிட்டதுக்கு நன்றின்னு நாம சொல்றோமே, அதே மரியாதை அதுல வந்துரும். காட்டுமாடு ரோட்டுக்கு வர்றது இந்த ஊருல சகஜம், அதுக்கு மட்டும் புட் அப் வித்னு சொல்லி கெஸ்ட்ட தைரியப்படுத்தாதீங்க, கிட்டப் போகாதீங்க, வண்டிலயே இருங்கன்னு நேராவே சொல்லிருங்க, உயிர் விஷயம் அது.

இதே வார்த்தை கெஸ்ட் வாய்ல இருந்து வந்தா உடனே நிமிந்து நில்லுங்க. “வீ ஹேவ் புட் அப் வித் கோல்ட் வாட்டர் ஃபார் டூ டேஸ்”னு ஒருத்தர் அமைதியா சொல்லுவாரு. குரல் உசரல, மொகத்துல கோவம் இல்ல, புதுப் பையன் என்ன பண்ணுவான், கோல்ட் வாட்டர்ங்கிறது மட்டும் காதுல விழுந்து குடிக்க ஜில் தண்ணி கேக்குறாருன்னு பாட்டில எடுத்துட்டு ஓடுவான். அவர் சொன்னது, ரெண்டு நாளா பச்சத் தண்ணிலயே சமாளிச்சுட்டு இருக்கோம், இனி முடியாதுன்னு. கீசர் ஆள ஒடனே மேல அனுப்பணும். அதே மாதிரி “ஐ ஆம் நாட் கோயிங் டு புட் அப் வித் திஸ்”னு கேட்டா, இத நான் சும்மா விட மாட்டேன்னு அர்த்தம், அங்க நின்னு எஸ் சார், எஸ் சார்னு தலையாட்டாம மேனேஜரக் கூப்பிடுங்க.

மத்த அர்த்தங்களுக்கு வர்றேன். நெறைய இருக்கு, ஆனா மனப்பாடம் பண்ணத் தேவையில்ல, தமிழ்ல ஏத்துங்கிற வார்த்தைய கைல வச்சுக்கிட்டீங்கன்னா பாதி தானா வழிக்கு வந்துரும். விலைய ஏத்துறது, புட் அப் த ரேட்ஸ். கொடி ஏத்துறது, புட் அப் த ஃப்ளாக். ஒருத்தர் மனச ஏத்தி விட்டு ஒரு காரியம் பண்ண வைக்கிறது, அதுக்கும் புட் அப் தான், பின்னாடி டு வரும். சின்னப் பையன் ஒருத்தன் கெஸ்ட்கிட்ட போயி காசு கேக்குறான், அவர் “ஹூ புட் யூ அப் டு திஸ்?”ங்கிறாரு, உன்ன யாருப்பா இப்படி ஏத்தி விட்டதுன்னு கேக்குறாரு. பாருங்க, அவங்க அப்னு சொல்ற எடத்துல நாம ஏத்துன்னு சொல்றோம், ரெண்டு மொழிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா நெனப்பு ஒரே தெசைல போகுது, எனக்கு இத கவனிச்ச அன்னைக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

இன்னொண்ணும் இதுலயே ஒளிஞ்சிருக்கு. தமிழ்ல விலை ஏறுது, விலைய ஏத்துறாங்க, ரெண்டும் வேற வேற இல்லையா? தானா நடந்தா ஏறுது, ஒருத்தர் பண்ணா ஏத்துறாங்க. அங்கயும் அதே பிரிவு. தானா ஏறுனா கோ அப், ஒருத்தர் ஏத்துனா புட் அப். “த ரேட்ஸ் கோ அப் இன் மே”ன்னா மே மாசம் வாடகை ஏறும், “தே புட் அப் த ரேட்ஸ் இன் மே”ன்னா மே மாசம் வாடகைய ஏத்துறாங்க. கவுன்டர்ல நிக்கிறவங்க மொத வாக்கியத்த சொல்றது உத்தமம், ரெண்டாவது சொன்னா யாரு ஏத்துனது, ஏன் ஏத்துனதுன்னு கேள்வி வரும். அமெரிக்காக்காரங்க விலைக்கு புட் அப்ப விட ரெய்ஸ்னு தான் அதிகம் சொல்லுவாங்க, அதையும் காதுல போட்டு வச்சுக்கங்க.

கட்டுறது, நிமித்துறது, மாட்டுறதுக்கும் இது தான். டென்ட் அடிக்கிறது புட் அப் எ டென்ட், பிரிக்கிறது டேக் டவுன். காட்டுக்குள்ள அனுமதி இல்லாம டென்ட் அடிக்க கூடாது, கெஸ்ட் கேட்டா அதையும் சேத்து சொல்லிருங்க. கோக்கர்ஸ் வாக்ல நடக்கும்போது திடீர்னு தூறல் விழுந்தா குடைய விரிக்கிறது புட் அப் யுவர் அம்ப்ரெல்லா. கிறிஸ்மஸுக்கு வாசல்ல ஸ்டார் கட்டுறது, பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வராதீங்க, ஈ-பாஸ் எடுத்துட்டு வாங்கன்னு நோட்டீஸ் ஒட்டுறது, எல்லாமே புட் அப். டூரிஸ்ட் வண்டிங்க மலை ஏற எடுக்க வேண்டிய ஈ-பாஸ் 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்துருச்சு, அதனால “வீ ஹேவ் புட் அப் எ நோட்டீஸ் அபௌட் த ஈ-பாஸ்”ங்கிறது நீங்க வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லப் போற வாக்கியம். கைடு வேலைக்கு வர்றவங்க ஊர் கதை சொல்லும்போதும் உதவும், இந்த ஊருல மொத மொதல்ல வீடு கட்டுனது அமெரிக்க மிஷனரிங்க, 1845ல ரெண்டு பங்களா, “த மிஷனரிஸ் புட் அப் டூ பங்களாஸ் இன் 1845”. 1863ல ஏரிய உண்டாக்குன மதுரை கலெக்டர் லெவிஞ்ச் துரை அதுக்கு தன் கைக்காசப் போட்டாருன்னு இங்க சொல்லுவாங்க, “ஹீ புட் அப் த மனி”, பணம் போட்டாரு. நம்ம போட்டாருங்கிறதும் அங்க வந்து கச்சிதமா ஒக்காந்துக்குது பாத்தீங்களா.

புட் அப் ஃபார் சேல்னா விலைக்குப் போடுறது, புட் அப் எ ஃபைட்னா ஈடு குடுத்து நிக்கிறது, புட்-அப் ஜாப்னா நாம செட்டப்புன்னு சொல்றது தான். இதெல்லாம் எப்பவாவது தான் வரும், வந்தா கேட்டு தெரிஞ்சுக்கலாம்.

நம்ம நாட்டுக்குள்ள மட்டும் ஓடுற ரெண்டு புட் அப் இருக்கு, அதப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும். ஒண்ணு, “வேர் ஆர் யூ புட் அப்?”. எங்க தங்கியிருக்கீங்கன்னு கேக்குறதுக்கு டெல்லி, பெங்களூரு, கல்கத்தான்னு எங்க இருந்து வர்றவங்களும் இப்படி தான் பேசுவாங்க, நாமளும் பேசுறோம், நம்ம ஆளுங்களுக்குள்ள ஒரு குழப்பமும் இல்ல. வெளிநாட்டுக்காரங்ககிட்ட கேட்டா ஒரு நொடி யோசிப்பாங்க, அவங்களுக்கு “வேர் ஆர் யூ ஸ்டேயிங்?” தான் பழக்கம். அதுக்காக நாம பேசுறது அசிங்கம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சத்திரத்துல போயி தங்குறதுக்கு புட் அப் அட்னு சொல்றது பழைய இங்கிலீஷ்ல நல்லா புழங்குன பேச்சு, வந்த குதிரைய லாயத்துல கட்டுறதுக்கும் அதே வார்த்தை தான், அங்க மெல்ல மறஞ்சு போச்சு, நம்ம கிட்ட அதோட சாயல் தங்கிருச்சு. இன்னொண்ணு ஆபீஸ் புட் அப். லைசென்ஸ் விஷயமா ஏதாவது ஆபீசுக்குப் போனா “ஃபைல புட் அப் பண்ணியாச்சு”ன்னு சொல்லுவாங்க, மேலதிகாரி பார்வைக்கு கோப்ப வச்சாச்சுன்னு அர்த்தம். இத வெளிநாட்டு கெஸ்ட்கிட்ட சொன்னா சுத்தமா புரியாது, அங்க சப்மிட்னு சொல்லிட்டுப் போயிருங்க.

காதப் பழக்குறது தான் கஷ்டமான பகுதி, இதுக்கு நேரம் குடுங்க. எழுத்துல புட், அஸ், அப்னு மூணா இருக்குறது பேச்சுல ஒண்ணா உருண்டு வரும், “குட்ஜு புட்டஸப்?”னு ஒரே மூச்சுல முடிச்சிருவாங்க. தும்மல் மாதிரி இருக்கும். புட் அப் வித்தும் அப்படித் தான், “புட்டப்வித்”. ரெண்டுலயும் அப்ல தான் அழுத்தம் விழும், வித் மெலிசா ஓடிரும், அந்த மெலிசான வித் காதுல விழுந்துச்சா இல்லையாங்கிறதுல தான் தங்க வைக்கிறதும் சகிச்சுக்கிறதும் பிரியுது. புட்டோட உகரம் குறில், புட்டுன்னு நாம சாப்பிடுறோமே அந்த பு, பட்னு சொல்லிறாதீங்க. நேத்து நடந்ததுக்கும் புட் தான், புட்டட்னு ஒண்ணு கெடையவே கெடையாது, “தே புட் அஸ் அப் லாஸ்ட் நைட்”.

பழகுறதுக்கு நான் தம்பிக்கு சொன்ன வழி இது. நோட்டுல அர்த்தம் எழுதாதீங்க, அன்னைக்கு நடந்தத மூணு வாக்கியமா எழுதுங்க. யாரத் தங்க வச்சீங்க, எத மாட்டுனீங்க, எத சகிச்சுக்கிட்டீங்க. அத போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணி மறுநாள் பஸ்ல வரும்போது கேளுங்க. சந்தேகம் வந்து நாக்கு கட்டுற நேரத்துல புட் அப்ப தொடாம “யூ கேன் ஸ்டே ஹியர்”னு சொல்லிருங்க, அதுல ஒரு குத்தமும் இல்ல, குளிர்ல நிக்கிறவங்களுக்கு மொதல்ல ரூம் தான் வேணும்.

அந்த வயசானவங்க திங்கட்கெழம காலைல கெளம்புனாங்க. போகும்போது அந்தம்மா விசிட்டர் நோட்டக் கேட்டு வாங்கி, தம்பியப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டே ஒரு வரி எழுதுனாங்க: “தேங்க் யூ ஃபார் புட்டிங் அஸ் அப், அண்ட் ஃபார் புட்டிங் அப் வித் அஸ்.” எங்களத் தங்க வச்சதுக்கும் நன்றி, எங்களப் பொறுத்துக்கிட்டதுக்கும் நன்றி. தன்னத் தானே தாழ்த்திக்கிட்டு சொல்லும்போது மட்டும் அந்த வித்துக்கு இப்படி ஒரு அழகு வருது. அதுல அஸ் ரெண்டு தடவை வருது, ஒரு தடவை நடுவுல, ஒரு தடவை கடைசில. அந்த அஸ்ஸ எடுத்துட்டு மீ, ஹிம், தெம், மை பிரதர்னு ஒவ்வொண்ணா மாத்திப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அதோட தமிழ் அர்த்தத்த வாய் விட்டு சொல்லிப் பாருங்க. தம்பி சாவி மாட்டுற பலகைக்குப் பக்கத்துல நின்னு பத்து நாள் இதத் தான் பண்ணான்.